எந்தக் குழாயில் பிடித்த தண்ணீர்?

போன வாரம் உடுப்புக் கடை அம்மாள் கருநீலத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டி, சாயம் போட்டுக் கொடுத்த சின்னவளின் கையில் திணித்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றேன். அப்பவும் இப்படித்தான்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் விடிந்தது. சின்னவளுக்கு மட்டும் விடியவில்லை.

பின்னறையில் கட்டியிருந்த கயிற்றில் நேற்று முக்கி எடுத்த துணி தொங்கியது. பெயருக்குத்தான் கருநீலம். பார்த்தால் அரைகுறையாகத் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. அங்கங்கே வெள்ளைத் திட்டு. விரலால் தேய்த்தால் மாவு போல ஏதோ ஒட்டியது.

அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. சாயப்பொடியை எடை போட்டுத்தான் கரைத்தாள். சூடு பார்த்துத்தான் துணியை முக்கினாள். எட்டு வருஷமாக இதே கை, இதே தொட்டி, இதே கடையில் வாங்கிய பொடி. இரண்டு மாதமாகத்தான் இந்தச் சனியன் பிடித்திருக்கிறது.

மேடை நாடகக் குழு ஒன்றுக்கு நாற்பது அங்கிகள். அந்த ஆர்டர் கையை விட்டுப் போனால் பின்னறையும் போகும். மாமியார் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அறை பெரியவருக்கு, சின்னவள் அடுப்படிக்கு.

பெரியவர் என்றால் சின்னவளின் கணவனுக்கு அண்ணன். வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியவர். சின்னவளின் மனதுக்குள் மட்டும் மேதாவி. நாமும் அப்படியே அழைப்போம், பொருத்தமாக இருக்கிறது.

இந்தக் கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மேதாவியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் வேலையை விட்டவரா, வேலை அவரை விட்டதா என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. இப்போது தன்னை 'ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்கிறார். என்ன ஆலோசனை என்று கேட்டுவிடாதீர்கள், சொல்ல ஆரம்பித்துவிடுவார். கல்யாணம் ஆகவில்லை. பார்த்த பெண்கள் எல்லாருமே அவரைவிடக் கொஞ்சம் புத்திசாலிகளாக அமைந்துவிட்டார்கள், அவர் தலையெழுத்து.

அன்று காலையும் ஹால் மேஜையில் பேப்பரும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பேப்பரைப் படிப்பது மற்றவர்கள் வழக்கம். அவர் திருத்துவார்.

"என்னம்மா, இன்னிக்காவது நீலம் நீலமா வந்துச்சா?"

சின்னவள் டீ டம்ளரை எடுத்து வைத்தாள். கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்தான். ஆனாலும் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

"வரலேன்னு மூஞ்சியே சொல்லுதே" என்றாள் மாமியார், முழங்கையைச் சொறிந்துகொண்டே. இப்போதெல்லாம் குளித்து வந்தால் அவளுக்குத் தோல் வறண்டு அரிக்கிறது. "கைவராத தொழிலைக் கட்டிக்கிட்டு ஏன் அழணும்? அவன் பாவம், ஹால்ல உக்காந்து வேலை பார்க்கறான்."

பேப்பரில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டு மேதாவி அடக்கமாகச் சிரித்தார். அவ்வளவுதான் வேலை.

"நான் சொல்லித் தர்றேன்னேன். அவ கேக்கலை. எதையும் அளந்து பார்க்கணும்மா. அளவுதான் எல்லாம். நம்ம வாட்டர் சாஃப்ட்னரையே எடுத்துக்கோ. மாட்டினவன் இருபத்துநாலுன்னு நம்பர் வெச்சுட்டுப் போனான். ஏன்? உப்பு விக்கறவனும் அவனும் கூட்டு. நான் விட்டேனா? கிட் வாங்கி, சொட்டு மருந்து விட்டு, நானே டெஸ்ட் பண்ணேன். எவ்வளவு வந்துச்சு தெரியுமா? ரெண்டு! வெறும் ரெண்டு! ரெண்டுன்னு மாத்தினேன். அன்னிலேர்ந்து தொட்டியில போட்ட உப்பு ஒரு விரக்கடை குறையணுமே? அப்படியே இருக்கு."

சமையலறைக்குத் திரும்பியவள் நின்றாள்.

"குறையவே இல்லையா அத்தான்?"

"இம்மி குறையலை. அதான் அறிவுங்கறது."

மாடிப்படிக்குக் கீழே அந்த சாஃப்ட்னர் மெஷின் நின்றது. உயரமாக ஒரு உருளை, பக்கத்தில் மூடி போட்ட உப்புத் தொட்டி. இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். உருளைக்குள் இருக்கும் பாசிமணி மாதிரியான குட்டி மணிகள் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் வீட்டுக்குள் அனுப்பும். பிடித்துப் பிடித்து மணிகள் நிரம்பிப்போனால், மெஷின் தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி அவற்றைக் கழுவிக்கொள்ளும். எப்போது கழுவ வேண்டும் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று நாம்தான் ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அது பிழைப்பு நடத்துகிறது.

சின்னவள் தொட்டி மூடியைத் திறந்தாள். உப்பு குறையவில்லைதான். மேலே பாறை மாதிரி இறுகிக் கிடந்தது.

உப்பு குறையவில்லை என்றால் மெஷின் கழுவிக்கொள்ளவில்லை. மெஷின் கழுவிக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மாதமாக இந்த வீட்டுக் குழாய்களில் வருவது என்ன தண்ணீர்? அந்தத் தண்ணீரில்தான் அவள் சாயம் கரைத்தாள், துணி அலசினாள்.

அவளுக்குக் காது சூடானது. இதைத் தான் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று தன் மேலும் ஒரு எரிச்சல் வந்தது. பார்க்க விட்டால்தானே? நம்பரை மாற்றிய அன்றே மேதாவி அதற்கு ஒரு ரகசியப் பூட்டு எண்ணும் போட்டுவிட்டார். 'தெரியாதவங்க கை படக்கூடாது' என்று ஒரு சீட்டு வேறு எழுதி ஒட்டியிருந்தார். அந்த 'தெரியாதவங்க' யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டு பாட்டில் எடுத்தாள். ஒன்றில் முற்றத்துக் குழாய்த் தண்ணீர். மெஷினுக்குள் போகாமல் நேராக வருவது அது ஒன்றுதான். இன்னொன்றில் பாத்ரூம் குழாய்த் தண்ணீர். மெஷினுக்குள் புகுந்து வருவது. இரண்டிலும் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினாள். ஒன்றிலாவது நுரை வர வேண்டுமே! இரண்டிலும் பழைய பால் திரிந்தது போல அழுக்குத்தான் மிதந்தது.

மேதாவியின் கிட் அலமாரியில்தான் இருந்தது. குட்டிக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு நீலமாக மாறும்போது நிறுத்தி, எத்தனை சொட்டு என்று பார்த்தால் அதுதான் மெஷினில் வைக்க வேண்டிய நம்பர். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். முற்றத்துத் தண்ணீர் இருபத்துநாலாவது சொட்டில் நீலமானது.

மாட்டிவிட்டுப் போனவன் சொன்ன அதே இருபத்துநாலு.

பாத்ரூம் தண்ணீரும் ஏறத்தாழ அதே அளவு மருந்தைக் குடித்துவிட்டுத்தான் நிறம் மாறியது. மெஷின் இருந்தும் இல்லாத கணக்கு.

அப்புறம் மேதாவிக்கு மட்டும் எப்படி இரண்டு வந்தது? கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. மெஷின் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், அது சுத்தமாக்கி அனுப்பிய தண்ணீரையே பிடித்து அளந்திருக்கிறார் மனுஷன்! குளித்துவிட்டு வந்தவனை முகர்ந்து பார்த்து, 'இவனுக்கு எதற்குச் சோப்பு?' என்று சோப்பைப் பிடுங்கி வைத்த கதை. இதைவிட மடத்தனம் செய்ய வேண்டுமென்றால் தனியாகப் படிக்க வேண்டும். அதையும் படித்திருப்பார்.

ஹாலுக்குப் போனாள்.

"அத்தான், அன்னிக்கு டெஸ்ட் பண்ணீங்களே, எந்தக் குழாய்ல தண்ணி பிடிச்சீங்க?"

"ஏன்?"

"சும்மாதான் கேக்கறேன்."

"எந்தக் குழாயா இருந்தா என்ன? எல்லாம் ஒரே தண்ணிதானே?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "முற்றத்துக் குழாய்லதான் பிடிச்சேன். எனக்குத் தெரியாதா?"

"முற்றத்துக் குழாய்ல இருபத்துநாலு வருதே அத்தான். இப்பத்தான் பார்த்தேன்."

"சொட்டு பெரிசா விட்டிருப்பே."

"பெரிசா விட்டா நம்பர் குறையத்தானே செய்யும்?"

மேதாவி பேனாவை மூடினார். பேனாவை மூடினால் விசாரணை முடிந்தது என்று அர்த்தம்.

"இதோ பாரும்மா. துணியில திட்டு விழுந்தா அது கையோட கோளாறு. அதுக்கு மெஷின் மேல பழி போடாதே. நாளைக்கு வெயில் சரியில்லேம்பே, நாளன்னிக்குக் காத்து சரியில்லேம்பே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று உள்ளேயிருந்தே மாமியார் முடித்து வைத்தாள். முடித்துவிட்டு மறுபடி கையைச் சொறிந்துகொண்டாள். தன் தோலை உரிக்கும் தண்ணீருக்கு அவளே வக்கீல்.

"பூட்டு நம்பரையாவது சொல்லுங்க அத்தான். ஒரே ஒரு தடவை மாத்திப் பார்க்கறேன்."

"முடியாது" என்றார் மேதாவி. விளக்கம் சொல்லாமல் அவர் பேசிய ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

சின்னவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவனுக்குப் போன் போட்டாள்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றி, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று பொறுமையாகக் கேட்பான். கால் நம்பர் பிசகினாலும் திரும்ப உட்கார வைத்துவிடுவான். அவனைப் போல நிதானமானவன் கிடைக்க மாட்டான் என்று எல்லாரும் சொல்வார்கள். சின்னவளும் இன்று காலை வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"சாஃப்ட்னர் பூட்டுக்கு என்ன நம்பர் போட்டிருக்கார் உங்க அண்ணன்? உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் பிறந்த தேதிதான்."

உலகத்திலேயே முக்கியமான தேதி என்று மேதாவி வேறு எதை நினைக்கப்போகிறார்!

"சரி, வெக்கறேன்."

"இரு, நீயா மாத்தறதா இருந்தா முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணிடு. அவன் பிடிச்ச மாதிரி பாத்ரூம் குழாய்ல பிடிச்சுடாதே. முற்றத்துல பிடி. அப்பத்தான் சரியான நம்பர் வரும்."

சின்னவள் காதிலிருந்து போனை எடுத்து, ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தாள்.

"குழாயைப் பத்தி நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே."

அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவர் 'கீழ் வரி சரியா தெரியலை தம்பி' என்று சொல்வது மட்டும் கேட்டது.

"அவர் பாத்ரூம்ல பிடிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அப்ப... டம்ளரை நான்தான் பிடிச்சேன்."

"தப்புன்னு அப்பவே தெரியுமா?"

"கஸ்டமர் உக்காந்திருக்காங்கம்மா. சாயங்காலம் பேசலாம்."

வைத்துவிட்டான்.

இரண்டு மாதம். பாழான ஒவ்வொரு துணியையும் இவன் கண்ணால்தான் பார்த்தான். 'கைராசி இல்லாதவ' என்று மாமியார் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாத்திரம் தேய்க்கிற கை, சாயம் எங்கே பிடிக்கும் என்று மேதாவி கிண்டல் பண்ணியபோது தட்டில் இருந்ததை வழித்துக்கொண்டிருந்தான். ஒரு ராத்திரி, 'எனக்கே என் கை மேல சந்தேகமா இருக்கு' என்று இவனிடம் சொல்லி அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தான். தடவிய கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மேதாவி மேல் வந்தது வெறும் எரிச்சல். முட்டாளை மன்னித்துவிடலாம், அவனுக்குத் தெரியாது. இவன் மேல் வந்ததற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அருவருப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. சாயங்காலம் உடுப்புக் கடை அம்மாள் வந்துவிடுவார்.

துடைப்பக் கட்டையால் குத்தித் தொட்டியில் இறுகிக் கிடந்த உப்பை உடைத்தாள். மேதாவியின் பிறந்த தேதியை அமுக்கினாள், பூட்டு திறந்தது. இரண்டை அழித்துவிட்டு இருபத்துநாலு வைத்தாள். உடனே கழுவிக்கொள்ளும்படி பொத்தானை அழுத்தினாள். மெஷின் நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவன் போலக் கொர்ரென்று ஓசை எழுப்பி, உப்புத் தண்ணீரை இழுக்கத் தொடங்கியது.

"அங்க என்ன சத்தம்?" என்று ஹாலிலிருந்து மேதாவி கேட்டார்.

"மெஷின் குளிக்குது அத்தான்."

"ஓ" என்றார். அதற்கு மேல் எழுந்து வந்து பார்க்கவில்லை. எதையும் எழுந்து போய்ப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது, அதனால்தான் இந்த வீடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

மெஷின் கழுவி முடித்ததும் மறுபடி ஒருமுறை கழுவ விட்டாள். இரண்டு மாத அழுக்கு ஒரே முழுக்கில் போகாது. பிறகு பாத்ரூம் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டாள். முதல் சொட்டிலேயே பளிச்சென்று நீலம். 

சாயத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, சாயம் கரைத்தாள். முழு அங்கிக்கு நேரம் போதாது. ஒரு கை நீளத் துணியை முக்கிப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நேரம் ஆனதும் அலசினாள், சோப்பில் கொதிக்க விட்டாள், மறுபடி அலசினாள். சோப்பு இன்றைக்குச் சோப்பாக நடந்துகொண்டது. நுரை கை மணிக்கட்டு வரை ஏறியது.

துணி காய்ந்தபோது கருநீலம் கருநீலமாக இருந்தது. ஒரு திட்டு இல்லை. ஒரு புள்ளி இல்லை. கையைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் சந்தேகப்பட்ட கை. அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

உடுப்புக் கடை அம்மாள் சொன்னபடி வந்தார். அவர் செருப்பைக் கழற்றும்போதே பின்னால் கணவனும் வந்து சேர்ந்தான். சின்னவளின் முகத்தைப் பார்க்காமல் நேராகப் போய்த் தன் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். பழக்கப்பட்ட இடம்.

அம்மாள் துணியை வாங்கி ஜன்னலருகே போனார். ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"இதுதான் நான் கேட்ட நீலம்" என்றார். "எட்டு வருஷமா குடுத்த நீலம். நடுவுல ரெண்டு மாசம் என்ன ஆச்சு?"

சின்னவள் வாய் திறக்குமுன் மேதாவி முந்திக்கொண்டார்.

"கொஞ்சம் கவனக்குறைவு. இன்னிக்குக் காலையில கூட உக்கார வெச்சுச் சொன்னேன், அளவு முக்கியம்னு. புரிஞ்சுக்கிட்டா."

மாமியார் பெருமையோடு தலையாட்டினாள்.

"கை சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் சின்னவள். "தண்ணிதான் சரியில்லை. மெஷின்ல நம்பர் தப்பா வெச்சிருந்தாங்க. மெஷினுக்கு அப்புறம் வர்ற தண்ணியைப் பிடிச்சு டெஸ்ட் பண்ணிட்டாங்க."

"பொய்!" மேதாவி எழுந்தே விட்டார். "முற்றத்துல பிடிச்ச தண்ணி அது. சந்தேகம்னா இதோ, என் தம்பிகிட்டயே கேளுங்க. அவன்தான் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். சொல்லுடா."

எல்லாரும் கணவனைப் பார்த்தார்கள். சின்னவளும் பார்த்தாள். காலையில் அருவருத்தவள்தான், ஆனாலும் அந்த நொடியில், இவன் இப்போது மட்டும் வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று மனம் கெஞ்சியது. ஒரே ஒரு வார்த்தை. 'பாத்ரூம்' என்றால் போதும்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடி துடைத்தான்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை" என்றான்.

மேதாவி வெற்றியோடு உட்கார்ந்தார். மாமியார் டீ போட எழுந்தாள். வழக்கு அவ்வளவு சுலபமாகத் தள்ளுபடியானது.

உடுப்புக் கடை அம்மாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். முப்பது வருஷமாக நடிகர்களுக்கு உடை கொடுப்பவர். வேஷம் அவருக்குத் தெரியாதா என்ன?

"எனக்கு உங்க வீட்டுப் பஞ்சாயத்து வேண்டாம்" என்றார் சின்னவளிடம். "நாற்பது அங்கி. பாதியில யாராவது மறுபடி நம்பரைத் திருகிட்டா நான் மேடையில தலை குனியணும். திருக மாட்டாங்கன்னு உன்னால சொல்ல முடியுமா?"

சின்னவள் கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முடியாதும்மா" என்றாள்.

"நினைச்சேன். என் கடைக்குப் பின்னால ஷெட் இருக்கு. நல்ல தண்ணி, பெரிய சிங்க். மேல ஒரு ரூம், தட்டுமுட்டு சாமானைப் போட்டு வெச்சிருக்கேன். வேலையை அங்க வந்து செய். காலையில வண்டி அனுப்பறேன். ரெண்டு தொட்டி, நாலு மூட்டைதானே? சின்ன வண்டி போதுமில்ல?"

"போதும்மா."

அம்மாள் கிளம்பினார். வாசல் கதவு சாத்தும் சத்தம் அடங்கவில்லை, மாமியார் கேட்டுவிட்டாள்.

"அப்ப இங்க நம்ம பின் ரூம்?"

"பெரிய அத்தானுக்குத்தான் அத்தை. தாராளமா எடுத்துக்கட்டும்."

இந்த அறைக்காக இரண்டு மாதமாக மல்லுக்கட்டியவள் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறாளே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மேதாவி டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். மேஜை எங்கே, நாற்காலி எங்கே என்று அளக்கும் சத்தம் கேட்டது. அளவுதானே எல்லாம்!

மாடிப்படிக்குக் கீழே மெஷின் முன்னால் நின்ற சின்னவளின் பின்னால் கணவன் வந்து நின்றான்.

"ஆர்டர்தான் கிடைச்சுடுச்சே. அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "வெளியாள் முன்னாடி அண்ணனை எப்படிம்மா விட்டுக் குடுக்கறது? ஏற்கெனவே வேலை போய் உடைஞ்சு கிடக்கான். தப்புன்னு சொன்னா தாங்க மாட்டான்."

"நான்?"

"நீ தாங்கிப்பே" என்றான், பாராட்டுகிற மாதிரி. "உனக்குத் தைரியம் ஜாஸ்தி."

ஆக, இதுதான் கணக்கு. தாங்காதவனுக்குப் பஞ்சு மெத்தை, தாங்குகிறவள் முதுகில் மூட்டை. இந்த நிதானத்தையா இத்தனை வருஷம் நல்ல குணம் என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் தண்ணீரை அளக்கத் தெரியாதவர். தம்பிக்கு அளக்கத் தெரியும். யாருக்கு எவ்வளவு வலித்தால் தனக்கு வசதி என்று அளந்தே வைத்திருக்கிறான்.

அவள் பூட்டைத் திறந்து நம்பரை மாற்றினாள். இருபத்துநாலு மறைந்து இரண்டு வந்தது.

"என்ன பண்றே நீ?" அவன் பதறினான். "மறுபடி கெட்ட தண்ணி வருமே! அம்மாவுக்கு ஏற்கெனவே கையெல்லாம்..."

"அம்மா கைன்னா உடனே தெரியுது, இல்ல?" என்றாள். "இது உங்க அண்ணன் வெச்ச நம்பர். இந்த வீட்டுக்கு அவர் அளவுதானே அளவு? நான் மாத்தினா அது பழி, கூடம் கோணல். நீங்க மாத்துங்க. பூட்டு நம்பர் தெரியும். எந்தக் குழாய்னு தெரியும். உள்ள போய், 'அண்ணே, அன்னிக்கு நாம பிடிச்சது பாத்ரூம் தண்ணி, நம்பர் தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து மாத்துங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மன்னிப்புகூட வேண்டாம்."

அவன் மெஷினைப் பார்த்தான். பின்னறைப் பக்கம் பார்த்தான்.

"டேய்!" என்று உள்ளேயிருந்து மேதாவியின் குரல் வந்தது. "அங்க என்னடா பேச்சு? மெஷின்ல கை வைக்கறாளா அவ?"

அவன் உதடு பிரிந்தது. சின்னவள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் கடைசி வரியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லண்ணா" என்றான் அவன். "சும்மா பேசிக்கிட்டிருக்கோம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், உடுப்புக் கடை அம்மாளை அழைத்தாள்.

"அம்மா, காலையில சின்ன வண்டி போதும்னு சொன்னேனே. கொஞ்சம் பெரிய வண்டியாவே அனுப்புங்க. மேல இருக்கற அந்த ரூம்ல கட்டில் போட இடம் இருக்குமா?"